பேரல் அடியில பன்னிரண்டு ஸ்வரம்: ஸ்டீல் பேன் ஜாஸ் முதல் தடவை கேக்கப் போறவங்களுக்கு

நாங்க இருக்குறது நியூ ஜெர்சில ஒரு சின்ன ஊரு, கோடை காலத்துல வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனா லைப்ரரிக்குப் பின்னாடி இருக்குற புல்வெளியில ஏதாவது ஒரு இலவசக் கச்சேரி இருக்கும். போன வருஷம் கோயம்புத்தூர்ல இருந்து பெரியப்பா வந்திருந்தப்போ அவரையும் கூட்டிட்டுப் போனேன். பெரியப்பா முப்பது வருஷத்துக்கு மேல டிங்கர் பட்டறை வெச்சிருந்தவரு, அம்பாசிடர் கதவுல விழுந்த ஒடுக்கை பெயிண்ட் போகாம எடுக்கணும்னா அவர்கிட்டதான் வருவாங்க. அன்னிக்கு ஜாஸ் கச்சேரி, அமெரிக்கக் கறுப்பின மக்கள்கிட்ட பொறந்து, மேடையிலயே கற்பனை பண்ணி வாசிக்கிற இசை. ஜாஸ்னா என்னன்னு அவருக்கும் தெரியாது, எனக்கு ஏதோ கொஞ்சம் தெரியும், அவ்வளவுதான்.

மேடையில கீபோர்டு, ஆளுயர பேஸ், டிரம்ஸ். அதுக்கு முன்னாடி ஸ்டாண்டுல பளபளன்னு வட்டமா ஒண்ணு தொங்குது. ஆரம்பிக்கவே இல்ல, பெரியப்பா என் தோளைத் தட்டி, "ஏன் கண்ணு, அது ஆயில் பேரலோட அடிப்பாகந்தானே?"ன்னாரு. "ஆமாங்க பெரியப்பா"ன்னேன். "யாரோ கை தேர்ந்தவன் தட்டியிருக்கான்"னு சொல்லிட்டு சேரை ரெண்டடி முன்னாடி இழுத்துப் போட்டுட்டாரு.

அதுதான் ஸ்டீல் பேன். ஸ்டீல் டிரம்னும் சொல்லுவாங்க, ஆனா அது பொறந்த டிரினிடாட்ங்கற கரீபியன் தீவுல வெறும் 'பேன்'தான், வாசிக்கிறவர் பேனிஸ்ட், பேண்டு பிராக்டீஸ் பண்ற இடம் பேன் யார்டு. இன்ஸ்டாகிராம்ல மடியில பறக்கும் தட்டு மாதிரி ஒண்ணை வெச்சு கண்ணை மூடி விரலால தட்டுறாங்களே, அது வேற, அது ஹேண்ட்பேன். ஆனா சொந்தம்தான். சுவிட்சர்லாந்து பெர்ன்ல ஸ்டீல் பேன் செஞ்சுட்டிருந்த ஃபீலிக்ஸ் ரோனரும் சபீனா ஷேரரும் 2000 வாக்குல செஞ்ச 'ஹாங்'குங்கற வாத்தியத்துல இருந்து வந்தது அது, அதுக்குப் பின்னாடி நம்ம கடமும் இருக்கு. கடம் வாசிக்கிற ஒரு சுவிஸ் கலைஞர் கடம் மாதிரி கையால தட்டணும், ஆனா ஸ்வரமும் வரணும்னு கேட்டதுலதான் கதையே ஆரம்பிச்சுதாம். ஸ்டீல் பேனை கையால தட்ட மாட்டாங்க, நுனியில ரப்பர் சுத்தின ரெண்டு சின்னக் குச்சிதான்.

இது எப்படி செய்றாங்கன்னு எனக்குத் தெரிஞ்சதை விட பெரியப்பா பார்வையிலேயே ஊகிச்சது அதிகம். 55 காலன் பேரல், நம்ம ஊர்ல 200 லிட்டர் பேரல்னு சொல்றது அதேதான், குறுக்களவு கிட்டத்தட்ட 23 அங்குலம். அதைக் கவுத்து வெச்சு அடித்தகட்டை சுத்தியலால கொஞ்சம் கொஞ்சமா உள்பக்கமா தட்டி கிண்ணம் மாதிரி இறக்கணும், டெனர்ங்கற மேல் ஸ்தாயி பேனுக்கு ஏறக்குறைய 8 அங்குலம் இறங்கணும். தகடு விரியும், விரிய விரிய மெலிசாகும், ஒரே இடத்துல அடிச்சா கிழிஞ்சுடும், அதனால சுத்திச் சுத்தி வந்து அடிக்கணும். அப்புறம் எந்த ஸ்வரம் எங்கன்னு குறிச்சு, பஞ்ச்ங்கற மழுங்கின உளியை வெச்சுத் தட்டி ஓரம் கட்டி, பேரலோட உடம்பை தேவையான உயரத்துக்கு வெட்டி எடுத்து, நெருப்புல சூடு காட்டி ஆற வைப்பாங்க. இதெல்லாம் முடிஞ்சப்புறம்தான் உண்மையான வேலையே. ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒரு சின்ன மேடு, அதை அடியில இருந்தும் மேல இருந்தும் தட்டித் தட்டி சுதி சேர்க்கணும்.

இதுல ஒரு நுணுக்கம் இருக்கு. வெறும் தகரத்தை தட்டினா 'டொங்'னு ஒரு கலப்படச் சத்தம்தான் வரும், எந்த ஸ்வரம்னு சொல்ல முடியாது. பேன்ல நல்ல டியூனர் ஒருத்தர் அந்த ஒரே மேட்டுல மூல ஸ்வரத்தை ஒரு பக்கமும், அதோட மேல் ஸ்தாயியை இன்னொரு வாக்குலயும், முடிஞ்சா அதுக்கும் மேல இருக்குற பஞ்சமத்தையும் சேர்த்து அமைச்சிருப்பாரு, ஒரு தட்டுல இது எல்லாமே சேர்ந்து ஒலிக்கும். மணி மாதிரியும் இல்லாம புல்லாங்குழல் மாதிரியும் இல்லாம ரெண்டுக்கும் நடுவுல ஒரு சத்தம் வருதுல்ல, அதுக்குக் காரணம் இதான். ஒருமுறை சுதி விலகிட்டா வாசிக்கிறவரே மேடையில முறுக்கி சரி பண்ணிக்க முடியாது, மிருதங்கத்துல கல்லை வெச்சு தட்டி சரி பண்ற வேலையெல்லாம் இங்க இல்ல, திரும்ப டியூனர்கிட்டதான் போகணும்.

சரி, பேரலை எதுக்கு ஒருத்தன் வாத்தியமா ஆக்கணும்? தோல் வாத்தியத்தை அடிக்க விடலங்கறதுதான் காரணம். டிரினிடாட் அப்போ பிரிட்டிஷ்காரன் கையில, கார்னிவல்ங்கற தெருத் திருவிழா நேரத்துல கறுப்பின மக்கள் முரசடிச்சு தெருவுல இறங்கினா கலவரம்னு பயம், 1881ல போலீஸோட பெரிய மோதலே நடந்துச்சு, 1884ல சட்டம் போட்டு முரசை அடக்கிட்டாங்க. ஜனங்க மூங்கிலுக்கு மாறினாங்க, வேற வேற நீளத்துல வெட்டின மூங்கிலைத் தரையில குத்தியும் குச்சியால தட்டியும் தாளம், அதுக்குப் பேரு டம்பூ பேம்பூ. மூங்கில் உடையும், வெடிக்கும். 1930கள் முடியுற சமயத்துல கைக்குக் கிடைச்ச பிஸ்கட் டின், பெயிண்ட் டப்பா, குப்பைத் தொட்டி, கார் பிரேக் டிரம்னு எல்லா இரும்பும் ஊர்வலத்துக்குள்ள வந்துடுச்சு. பிரேக் டிரம் இன்னிக்கும் ஸ்டீல் பேண்டுல இருக்கு, கம்பியால அடிப்பாங்க, தாளக்காரங்க இருக்குற பகுதிக்கு 'இஞ்சின் ரூம்'னே பேரு. இதைச் சொன்னதும் பெரியப்பா சிரிச்ச சிரிப்புல முன்வரிசையே திரும்பிப் பார்த்துச்சு.

அடிச்சு அடிச்சு ஒடுங்கின டப்பாவுல ஒவ்வொரு இடத்துல ஒவ்வொரு சத்தம் வருதேன்னு யாரோ கவனிச்சிருக்காங்க, அங்கதான் தாளம் ராகமா மாறுது. முதல்ல கவனிச்சது யாருங்கறதுல டிரினிடாட்ல இன்னிக்கும் பேட்டைக்குப் பேட்டை சண்டை. வின்ஸ்டன் ஸ்ப்ரீ சைமன் பேரு சொல்லுவாங்க, எல்லி மானெட் பேரு சொல்லுவாங்க. முன்னாடி தகட்டை வெளிப்பக்கமா உப்பலா தட்டிட்டு இருந்தாங்க, மானெட்தான் உள்பக்கமா குழிச்சு 55 காலன் பேரலுக்கும் கொண்டு வந்தாருங்கறது பெரும்பாலும் ஒத்துக்கிற விஷயம். ரெண்டாம் உலகப்போர்ல அமெரிக்கா அங்க கடற்படைத் தளம் போட்டிருந்துச்சு, தீவுல எண்ணெய்த் தொழிலும் உண்டு, அதனால காலி பேரலுக்குப் பஞ்சமே இல்ல. 1942ல இருந்து போர் முடியுற வரை தெருக் கார்னிவல் தடை, 1945ல போர் முடிஞ்சதும் ஜனங்க பேனோட தெருவுல கொட்டிட்டாங்க.

அந்த நாள்ல பேன் அடிக்கிற பையன்னா பொண்ணு கொடுக்க மாட்டாங்க. இன்வேடர்ஸ், டெஸ்பராடோஸ், ரெனிகேட்ஸ், டோக்கியோ, காசாபிளாங்கான்னு சினிமாத்தனமா பேரு வெச்சுக்கிட்டு பேண்டுக்கு பேண்டு தெருவுல அடிதடி. இதே பையன்கள்ல இருந்து பொறுக்கி எடுத்த 'டாஸ்போ'ங்கற குழு 1951ல லண்டனுக்குப் போய் பெஸ்டிவல் ஆஃப் பிரிட்டன்ல வாசிச்சதும் ஆளுங்க வாயடைச்சுப் போனாங்க. அந்தக் குழுவை வழிநடத்தின ஜோசப் கிரிஃபித் பன்னிரண்டு ஸ்வரஸ்தானமும் பேன்ல இருந்தாகணும்னு பிடிவாதமா நின்னதுதான் இந்தக் கதையில எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம், ஏன்னா அது இல்லாம பின்னாடி ஜாஸே கிடையாது. 1963ல பனோரமாங்கற போட்டி ஆரம்பிச்சு இன்னிக்கு வரைக்கும் நடக்குது, பெரிய பேண்டுனா நூறு பேருக்கு மேல நின்னு வாசிப்பாங்க. 1992ல தேசிய வாத்தியம்னு அறிவிச்சாங்க, 2023ல ஐநா சபை ஆகஸ்ட் 11ஐ உலக ஸ்டீல் பேன் தினம்னு அறிவிச்சிடுச்சு.

பெரியப்பா கேட்டாரு, "அங்க நம்மாளுங்க இல்லியா?" இருக்காங்க. 1845ல இருந்து கரும்புத் தோட்டத்துக்கு கூலியா கப்பல் ஏறினவங்க வம்சம், பெரும்பாலும் போஜ்புரி பக்கம், கொஞ்சம் பேரு மெட்ராஸ் துறைமுகத்துல இருந்தும் போனவங்க. பேன் உலகத்துல அவங்கள்ல பெரிய பேரு ஜித் சமரூ, ரெனிகேட்ஸுக்கு இசை அமைச்சுக் கொடுத்து 9 பனோரமா பட்டம் வாங்கினவரு.

இப்போ முக்கியமான இடத்துக்கு வர்றேன், கொஞ்சம் பொறுமையா படிங்க. ஹார்மோனியத்துலயோ வீணையிலயோ ஸ்வரம் எல்லாம் வரிசையா இருக்கும், ச பக்கத்துல ரி, ரி பக்கத்துல க. டெனர் பேன்ல அப்படி இல்ல. வட்டத்தோட விளிம்புல பன்னிரண்டு ஸ்வரம் சுத்தி இருக்கு, ச பக்கத்துல ஒரு பக்கம் ப, இன்னொரு பக்கம் சுத்த மத்யமம். ப பக்கத்துல ரி, அதாவது சதுஸ்ருதி ரிஷபம், அதுக்குப் பக்கத்துல த, அப்புறம் க, அப்புறம் நி. ஒவ்வொண்ணும் முந்தினதுக்குப் பஞ்சமம். இப்படியே பன்னிரண்டு தாண்டினா திரும்ப ச வந்துடும். ஒவ்வொண்ணோட மேல் ஸ்தாயியும் அதுக்கு நேரா உள்பக்கமா, குட்டியா. கல்யாணப் பந்தியில வயசு வரிசையில உட்கார வைக்காம யார் யாருக்கு நெருங்கின சொந்தம்னு பார்த்து பக்கத்துல பக்கத்துல உட்கார வெச்ச மாதிரி. இந்த அமைப்பைக் கொண்டு வந்தவரு ஆந்தனி வில்லியம்ஸ், சிலந்திவலை பேன்னு அதுக்குப் பேரு வந்துச்சு. எல்லா பேனும் இப்படி இல்ல, டபுள் செகண்ட்னா ரெண்டு பேன், ஆளுக்கு ஆறு ஸ்வரஸ்தானம்னு பிரிச்சு வெச்சிருக்கும், கீழ் ஸ்தாயி பேஸ்னா ஆறு முழு பேரலைச் சுத்தி நிக்க வெச்சு ஒவ்வொண்ணுலயும் மூணே ஸ்வரம். ஆனா மேடை முன்னாடி நிக்கிறது பெரும்பாலும் டெனர்.

ஒரு பேப்பர்ல வட்டம் போட்டு பன்னிரண்டையும் இந்த வரிசையில எழுதிப் பாருங்க. மோகனத்தோட அஞ்சு ஸ்வரமும் ச, ப, ரி, த, கன்னு ஒட்டி ஒட்டி ஒரே வளைவுல இருக்கும், நடுவுல ஒரு இடம்கூட காலி இல்ல. சங்கராபரணம் ஏழும் அதே மாதிரி ஒரு பாதி வட்டத்துல அடங்கிடும். மாயாமாளவகௌளை சரளி வரிசை வாசிக்கச் சொன்னீங்கன்னா கை இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் தாவும், ஏன்னா ச-வும் சுத்த ரிஷபமும் கிட்டத்தட்ட எதிரெதிர். இதை எழுதிப் பார்த்த அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல, பைத்தியம்னு வீட்ல சொன்னாங்க.

இதோட ஒரு லாபம், ஒரு ஸ்வரத்தைத் தட்டும்போது பக்கத்துல இருக்குறதும் லேசா சேர்ந்து அதிரும். ஒரே தகடுதானே. பக்கத்துல இருக்குறது பஞ்சமமும் மேல் ஸ்தாயியுமா இருக்குறதுனால அந்த அதிர்வு காதுக்கு உறுத்தாது, தம்புரா பின்னாடி ஓடுற மாதிரி ஒரு மினுமினுப்பா சேந்துக்கும்.

ஜாஸ் எங்க வருதுன்னா இங்கதான் வருது. ஜாஸ்ல பாட்டுக்கு அடியில கார்டு (chord), அதாவது சேர்ந்து ஒலிக்கிற சில ஸ்வரங்களோட கூட்டம், நகர்ந்துட்டே இருக்கும், அதுல திரும்பத் திரும்ப வர்ற ஒரு நடை உண்டு, அவங்க பாஷையில 'டூ ஃபைவ் ஒன்'. நம்ம கணக்குல ரி-யில இருந்து ப, ப-வுல இருந்து ச, வெளியூர் சுத்திட்டு வீட்டுக்கு வர்ற மாதிரி ஒரு உணர்வு. இப்போ அந்த வட்டத்தை மறுபடி பாருங்க. ரி, ப, ச, மூணும் பக்கம் பக்கமா வரிசையா இருக்கு. பியானோக்காரர் கையில தாண்டித் தாண்டிப் போற அந்த வழி பேன்காரருக்கு ஒரே தெருவுல மூணு வீடு. கடற்கரை ஹோட்டல், குரூஸ் கப்பல், பூப்போட்ட சட்டைன்னு பேனை ஒரு அலங்காரமா மட்டும் பார்க்குறவங்க மேல எனக்குக் கோவம் வர்றதே இதனாலதான், ஜாஸ் எந்தத் திசையில நடக்குதோ அந்தத் திசையிலயே வரைஞ்ச வாத்தியம் இது.

அதுக்காக சுலபம்னு அர்த்தமில்ல. ஜாஸ் சோலோவுல அரை அரை ஸ்வரமா வழுக்கிட்டுப் போற இடம் நிறைய, அங்கெல்லாம் பேனிஸ்ட்டுக்கு மணிக்கட்டு கழண்டுடும். கமகம் கிடையாது, வளைக்க முடியாது, ஜலதரங்கம் மாதிரி தட்டினது தட்டினதுதான், அதுலகூட தண்ணியில குச்சியை வெச்சு கொஞ்சம் அசைக்கலாம், இங்க அதுவும் இல்ல. ஒரு ஸ்வரம் நீளமா நிக்கணும்னா ரெண்டு குச்சியாலயும் வேகமா மாத்தி மாத்தி உருட்டணும், அதை ரோல்னு சொல்லுவாங்க. மெதுவான பாட்டுல நல்ல பேனிஸ்ட்டை கண்டுபிடிக்க அதுதான் வழி, ரோல் மழை மாதிரி சடசடன்னு கேட்டா சுமாரு, ஒரே மூச்சு மாதிரி கேட்டா ஆளு பெரிய ஆளு.

யாரைக் கேக்கலாம்னா, ஓதெல்லோ மோலினோவில இருந்து ஆரம்பிங்க. டிரினிடாட்காரரு, பேஸ் கிட்டார் மேதை ஜாக்கோ பாஸ்டோரியஸோட முதல் ஆல்பம் 1976ல வந்தப்போவே அதுல பேன் வாசிச்சிருக்காரு, சாக்ஸபோன் வாசிக்கிற மாதிரி வரிகளை டெனர்ல ஓட்டுவாரு. ஆண்டி நரெல் நியூயார்க்ல பொறந்த வெள்ளைக்காரரு, பெரும்பாலும் டபுள் செகண்ட், 1999ல டிரினிடாட் பனோரமாவுக்கே ஒரு பேண்டுக்கு சொந்தமா இசை எழுதிக் கொண்டுபோன வெளிநாட்டுக்காரரு. ராபர்ட் கிரீனிட்ஜ் பேரு தெரியாட்டியும் அவர் சத்தம் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், சாக்ஸபோன் கலைஞர் குரோவர் வாஷிங்டன் ஜூனியரோட 1980 ஆல்பத்துல பில் விதர்ஸ் பாடின அந்த பிரபலமான காதல் பாட்டுல வர்ற பேன் அவரோடது. அப்புறம் விர்ஜின் தீவுகள்ல இருந்து வந்த விக்டர் புரோவோஸ்ட். எனக்கு மோலினோதான், மத்தவங்க ரசிகர்கள் திட்டினா திட்டிக்கோங்க.

கச்சேரி எப்படிப் போகும்னு தெரியாம உட்கார்ந்தா முதல் பாட்டு முழுக்க குழப்பமா இருக்கும், எங்க பெரியப்பாவுக்கு நான் சொன்னது இவ்வளவுதான். முதல்ல எல்லாரும் சேர்ந்து மெட்டை ஒருமுறை வாசிப்பாங்க, அதை 'ஹெட்'னு சொல்லுவாங்க, நம்ம பல்லவின்னு வெச்சுக்கோங்க. பாட்டு நிறைய 32 பார் நீளம் இருக்கும், பார்னா தாளத்தோட ஒரு சின்னச் சுத்து. அப்புறம் அந்த 32 பார் அடியில சுத்தி சுத்தி வந்துட்டே இருக்கும், மேல ஒவ்வொருத்தரா கற்பனை பண்ணிப் போவாங்க, கல்பனாஸ்வரம் மாதிரி, எழுதி வெச்சது இல்ல. ஒருத்தர் முடிச்சதும் ஜனங்க கைதட்டுவாங்க, பாட்டு முடியலையேன்னு யோசிக்காதீங்க, தட்டுங்க. கடைசி பக்கம் டிரம்ஸ்காரரும் மத்தவங்களும் நாலு நாலு பார் வீதம் மாத்தி மாத்தி வாசிப்பாங்க, தனி ஆவர்த்தனத்துல குறைப்பு நடக்குமே, அதுல ரெண்டு பேரு கேள்வி பதில் பண்ணிக்குவாங்களே, கிட்டத்தட்ட அந்த சுகம். திரும்ப ஹெட், முடிஞ்சது. பேன் இருக்குற கச்சேரின்னா கலிப்ஸோங்கற டிரினிடாட் பாட்டு நடையில ஒரு பாட்டும் அனேகமா வரும், சாக்ஸபோன் கலைஞர் சன்னி ராலின்ஸ் 1956ல பதிவு பண்ண 'செயின்ட் தாமஸ்' மாதிரி ஒண்ணு, அப்போ முன்னாடி குழந்தைங்க ஆட ஆரம்பிச்சுடும்.

இலவசம்னா வாசிக்கிறவங்களுக்குக் காசு இல்லைன்னு நினைச்சுடாதீங்க. ஊர் முனிசிபாலிட்டி கொஞ்சம், கடைக்காரங்க கொஞ்சம்னு பல வழியில வரும், நம்ம கோயில் திருவிழாவுல உபயம் போடுற மாதிரி. அமெரிக்காவுல இதுக்குப் பின்னாடி ஒரு நல்ல கதை உண்டு. ரெக்கார்டு வந்து எங்க பொழப்பு போச்சுன்னு இசைக்கலைஞர் சங்கம் 1942ல ரெக்கார்டிங்கையே நிறுத்தி ஸ்டிரைக் பண்ணுச்சு, 1948ல மறுபடியும் பண்ணுச்சு, அதோட முடிவுல ரெக்கார்டு கம்பெனிகள் விற்பனையில ஒரு பங்கைப் போடுற ஒரு நிதி உருவாச்சு. அந்தப் பணத்துல கலைஞர்களுக்கு சம்பளம் கொடுத்து, டிக்கெட் இல்லாத பொதுக் கச்சேரி நடத்தணும்ங்கறது விதி, இன்னிக்கும் ஓடுது. நியூயார்க் ஹார்லம்ல பியானோ கலைஞர் பில்லி டெய்லர் சேர்ந்து 1964ல ஆரம்பிச்ச ஜாஸ்மொபீல் வேற ரகம், வண்டியிலயே மேடை கட்டி தெருத் தெருவா ஜாஸைக் கொண்டு போறது.

போறவங்களுக்கு ரெண்டு விஷயம் மட்டும் சொல்றேன், மடக்கு சேரு நீங்களே கொண்டு போகணும், அப்புறம் ஸ்பீக்கர் பக்கத்துல உட்காராதீங்க, பேனோட மினுமினுப்பு மைக்ல பாதிதான் வரும், குச்சி படுறது கண்ணுக்குத் தெரியுற தூரத்துல உட்காருங்க.

கச்சேரி முடிஞ்சதும் பெரியப்பா நேரா மேடைக்குப் போயிட்டாரு. இங்கிலீஷ் வராது. அந்த பேனிஸ்ட்கிட்ட பேனைக் காட்டி, கையைக் கவுத்து, திருப்பிக் காட்டச் சொன்னாரு. அவரும் சிரிச்சுட்டே ஸ்டாண்டுல இருந்து கழட்டி கவுத்தாரு. அடிப்பக்கம் முழுக்க சுத்தியல் தழும்பு, நூத்துக்கணக்குல. பெரியப்பா அதுமேல விரலை வெச்சு மெதுவா தடவிட்டே, "இங்க பாரு, இந்த இடத்துல சின்ன சுத்தியல், இங்க பெருசு, இதை அடிச்சவன் இடது கைக்காரனா இருப்பான்"னு எனக்குச் சொல்லிட்டே இருந்தாரு. நான் பேனிஸ்ட்டுக்கு மொழிபெயர்த்தேன். அவரு கொஞ்ச நேரம் பெரியப்பாவையே பார்த்துட்டு, ஆமா, எங்க டியூனருக்கு இடது கைதான்னாரு.

ஊருக்குத் திரும்பி ஒரு மாசம் கழிச்சு வாட்ஸ்அப்ல பெரியப்பாவோட வாய்ஸ் மெசேஜ். உக்கடத்துல பழைய இரும்புக் கடையில ஒரு பேரல் எடுத்திருக்காரு, மூணு நாள் தட்டி அஞ்சு அங்குலம் இறக்கி இருக்காரு, நாலாம் நாள் ஓரத்துல கிழிஞ்சுடுச்சு, பெரியம்மா சத்தம் தாங்காம அவங்க தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டாங்களாம். "அந்தத் தம்பியை மறுபடி பார்த்தீன்னா ஒண்ணே ஒண்ணு கேட்டுச் சொல்லு சாமி, அது எத்தனை கேஜ் தகடு? நான் எடுத்தது இருபது, அதான் தாங்கல போல."